எரிமலைக்கு மூன்று விடியல்

எழுபத்து நான்கு வயதில் எரிமலை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"போக வேணாம்னு சொல்லலப்பா. பேக்கேஜ்ல போங்க. கூட்டத்தோட போனா எங்களுக்கும் நிம்மதி."

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, என் முழங்காலைப் பார்த்தாள். என் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: "அவ்வளவு தூரம் போய், மேகம் மூடிக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

இரண்டு மாதமாக யோசித்ததில், மகன் சொன்னதற்கான பதில் அவள் கேட்டதற்குள்ளேயே இருப்பதாகத் தோன்றுகிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சாமல்பட்டிக்காரனுக்கு எரிமலை ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நம் ஊரைச் சுற்றியுள்ள பாறைகளை, புவியியல் படிக்கும் பிள்ளைகள் சுத்தியலோடு வந்து தட்டிப் பார்ப்பதுண்டு. கார்பனடைட் என்று ஒரு பாறை இங்கே இருக்கிறது. பார்த்தால் சுண்ணாம்புக்கல் போல இருக்கும். ஆனால் நெருப்பில் பிறந்தது. ஏறக்குறைய எழுபது எண்பது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய குழம்பு மேலே ஏறி, வழியிலேயே ஆறி இறுகியது. இன்று அந்த வகைக் குழம்பைக் கக்கும் எரிமலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. தான்சானியாவில் இருக்கும் ஓல் தோய்ன்யோ லெங்காய். மாசாய் மக்களுக்கு அது கடவுளின் மலை. உயரம் 2,962 மீட்டர். நள்ளிரவில் ஏறத் தொடங்கி, சூரியன் உதிக்கும்போது உச்சியில் நிற்பார்கள். நம் ஊர்ப் பாறைக்குப் பங்காளி முறை என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் செங்குத்தான சாம்பல் சரிவில் ஐந்தாறு மணி நேரம் என் முழங்கால் ஏறாது.

நம் நாட்டிலேயே அந்தமானில் பாரன் தீவு இருக்கிறதே என்றார் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர். உண்மைதான். போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தூங்கிவிட்டு 1991இல் விழித்துக்கொண்டது. ஆனால் சுற்றுலா போகிறவர்கள் கரையில் இறங்க முடியாது. கப்பலில் இருந்தபடி பார்க்கலாம். அந்தக் கப்பலும் நாம் நினைத்த நாளில் கிடைப்பதில்லை.

மிச்சம் இருந்தது ரெயூனியோன். உண்மையைச் சொன்னால் முதலிலிருந்தே மனதில் இருந்தது அதுதான்.

நான் பிறந்து வளர்ந்தது காரைக்கால். படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். தெருவில் பெரியவர்கள் ரெயூனியோனை அதன் பழைய பெயரால் "பூர்போன்" என்பார்கள். பூர்போனுக்குக் கப்பலேறிப் போனவர்கள், போய்த் திரும்பாதவர்கள் என்று பேச்சு வரும். 1848இல் அங்கே அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். ஆங்கிலேயர் 1882இல் தங்கள் பகுதி ஆட்களை அனுப்புவதை நிறுத்தும்வரை இது நடந்தது. அவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அங்கே கோயில் கட்டித் தீ மிதிக்கிறார்கள். நெருப்பு மலையின் அடிவாரத்தில் தீ மிதிப்பது வேறெங்காவது உண்டா, தெரியவில்லை.

எங்களுக்கு வாரம் ஒருமுறை "திக்தே" உண்டு. வாத்தியார் வாசிப்பார், நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஒருநாள் அந்தத் தீவின் எரிமலையைப் பற்றி ஒரு பத்தி வந்தது. மலையின் பெயர் பித்தோன் த லா ஃபூர்னேஸ், அதாவது உலைச் சிகரம். ஃபூர்னேஸில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். விரல் முட்டியில் ரூல்தடி விழுந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த எழுத்து எனக்கு மறக்கவில்லை.

இனி மலைக்கு வருகிறேன். உயரம் 2,632 மீட்டர். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து 150 தடவைக்கு மேல் பொங்கியிருக்கிறது. பெரும்பாலும் ஆள் இல்லாத பள்ளத்துக்குள்ளேயே பொங்கி அடங்கிவிடும். 1977 ஏப்ரலில் குழம்பு ஊருக்குள் வந்து, ஒரு மாதா கோயிலின் வாசலைத் தொட்டு, இரண்டு பக்கமும் பிரிந்து போனது. அதன் பிறகே மலையைக் கண்காணிக்க பூர்க்-முரா என்ற மலையூரில் ஆய்வகம் அமைத்தார்கள். 2007 ஏப்ரலில் உச்சியிலிருக்கும் பெரிய வாய் முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்தது.

என் முழங்காலுக்கு வேண்டிய விஷயம் வேறு. பூர்க்-முராவிலிருந்து எரிமலைக்குச் சாலை போகிறது. மரம் குறைந்து, புதர் குறைந்து, கடைசியில் செவ்வாய் கிரகம் மாதிரி ஒரு செம்மண் வெளியைக் கடந்தால் பா த பெல்கோம்ப் என்ற விளிம்பு. 2,311 மீட்டர் உயரத்தில் கார் நிற்கும். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அப்பால் எரிமலை. சூரியன் ஏறுவதையும் அங்கிருந்தே பார்க்கலாம். ஒரு படிகூட ஏற வேண்டாம். பள்ளத்துக்குள் இறங்கத்தான் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். அதை இளவட்டங்களுக்கு விட்டுவிடலாம்.

நெருப்பு தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. பொங்கும் அறிகுறி கண்டாலே பள்ளத்துக்குப் போகும் வழியைப் பூட்டிவிடுவார்கள். நான் பார்க்கப் போவது சும்மா இருக்கும் மலையை. இதைச் சொன்னதும் மகன், "அதுக்கா இவ்வளவு செலவு?" என்றான். கன்னியாகுமரிக்குப் போகிறவர்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

கன்னியாகுமரி என்றதும் நினைவு வருகிறது. தபால் ஆபீசில் இருந்தபோது, விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு ஒரு டூர் பஸ்ஸில் போனோம். நோட்டீசில் "சூரியோதயம்" என்று கொட்டை எழுத்து. வழியில் இரண்டு இடத்தில் டீ, ஒரு இடத்தில் டயர் பஞ்சர். நாங்கள் இறங்கியபோது சூரியன் தென்னை உயரத்துக்கு வந்திருந்தது. அடுத்தது சுசீந்திரம், ஏறுங்கள் என்றார் வழிகாட்டி. மறுநாள் விடியலுக்கு அங்கே இருக்க எங்களுக்கு அனுமதியில்லை, பஸ் மதுரைக்குப் போகிறது.

ரெயூனியோனுக்கும் ஒரு ஏஜென்சி நோட்டீஸ் வாங்கிப் பார்த்தேன். எரிமலைக்கு ஒரே ஒரு நாள். ஓட்டலில் காலைச் சாப்பாடு முடித்து, மலை விளிம்பை அடைவது பத்தரை மணி.

பூர்க்-முராவில் வீட்டிலேயே அறை வாடகைக்கு விடும் ஒரு அம்மாளுக்கு போன் செய்தேன். பாடப்புத்தக பிரெஞ்சில் பேசினேன். அந்தம்மா சிரித்து, நீங்கள் திக்தே சொல்வது போலப் பேசுகிறீர்கள் என்றார். பிறகு சொன்னதுதான் முக்கியம். கடலிலிருந்து மேகம் ஏறிவரும். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் மலை இருந்த இடமே தெரியாமல் போகலாம். விடிவதற்கு முன்பே போய் நிற்க வேண்டும். அதுவும் ஒருநாளை நம்பி வராதீர்கள், குறைந்தது மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

என் கட்சி இதுதான். பேக்கேஜ் என்பது லீவு கிடைக்காதவனுக்காக ஏற்பட்டது. அவனுக்கு அது நியாயம். நம்மைப் போல் ஓய்வு பெற்றவர்களிடம் கைவசம் இருக்கிற சொத்து நாள் ஒன்றுதான். அதையும் ஏழாகக் கட்டி ஏஜென்சியிடம் ஏன் கொடுக்க வேண்டும்? முப்பத்தாறு வருஷம் தபால் முத்திரையில் தினமும் தேதி மாற்றியவன் நான். தேதியை மாற்றும் உரிமை இப்போதாவது என் கையில் இருக்கட்டும். ஒருநாள் மேகம் மூடினால் மறுநாள். மறுநாளும் மூடினால் மூன்றாம் நாள்.

மகன் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சர்க்கரை மாத்திரை இருக்கிறது. விடிகாலைக் குளிர் அங்கே ஆகஸ்டில் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். விளிம்புவரை பஸ் கிடையாது. எனக்கோ கார் ஓட்டத் தெரியாது. அதனால் அந்தம்மா சொன்ன உள்ளூர் டிரைவரைத்தான் அமர்த்துகிறேன். பள்ளத்தில் இறங்குவதில்லை, தினமும் காலை எட்டுக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் என்று பேசி முடித்தோம். இந்த வயதுக்குக் காப்பீடு சற்றுக் கூடுதல்தான். அதில் மட்டும் நானும் பேரம் பேசவில்லை.

போக நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தீவு 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம், செலவாணி யூரோ. ஆனாலும் ஷெங்கன் விசா அங்கே செல்லாது. கடல்கடந்த மாவட்டத்துக்கு என்று தனியாகக் கேட்க வேண்டும். பாரிஸ் விசா வைத்திருக்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். போகும் வழியாக மொரீஷியஸைப் பிடித்திருக்கிறேன். அங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பயணம் ஆகஸ்டில், மழையும் புயலும் இல்லாத பருவம். அதுவரை மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஓசூர் சந்திரசூடேசுவரர் மலைப் படிகளில் ஏறிப் பழகுகிறேன். போன வாரம் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். மகனும் கூடவே வந்தான், ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "கம்பளி சாக்ஸ் வாங்கணும்பா, இங்கத்தது தாங்காது" என்றான்.