மடுவில் ஒரு கச்சேரி

மட்டக்களப்பின் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், திராய்மடுவுக்குப் போய்விட்டது. 2024 ஜூனில் நாடா வெட்டியாயிற்று, பெயர்ப்பலகை திறந்தாயிற்று. இனி அதைத் தூக்கி வந்து கோட்டைக்குள் வைக்க எவராலும் முடியாது. கோட்டையை விட்டு நிர்வாகம் வெளியேறியதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய மதில்களுக்குள் கோப்புகளை அடுக்கிவைத்த காலம் என்றாவது முடியவேண்டியதுதான். நம் கேள்வி வேறு. அந்த ஒரு கட்டடத்தின் பின்னால் நகரம் எங்கே நடக்கப்போகிறது என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா?

கச்சேரி தனியாகப் போவதில்லை. முதலில் போட்டோக்கொப்பிக் கடை வரும். பிறகு தேநீர்க்கடை, மனு எழுதித் தருபவரின் மேசை, உத்தியோகத்தருக்கு வாடகை வீடு, கடைசியாகக் காணித் தரகர். வீதி அகலமாகும், இரு பக்கமும் கிறவல் கொட்டுவார்கள். ஒருவர் தன் வளவை ஒன்றரை அடி உயர்த்தினால் அவருடைய மழைத்தண்ணீர் அடுத்த வளவுக்குப் போகும். அடுத்த வளவுக்காரர் இரண்டடி உயர்த்துவார். உயர்த்தக் காசில்லாதவரின் அடுப்படியில் போய் அது நிற்கும். அமிர்தகழியில் இதைச் சொல்லிக்கொடுக்க நிபுணர் வரவேண்டியதில்லை.

ஊர்ப்பெயர்களே சொல்லுகின்றனவே! அமிர்தகழி, மட்டிக்கழி, சின்ன உப்போடை, பெரிய உப்போடை, பாலமீன்மடு, திராய்மடு. கழி, ஓடை, மடு என்று பெயர் வைத்த கிழவர்கள் தண்ணீர் நின்ற இடத்தைப் பார்த்து வைத்தார்கள். நில அளவைப் படத்தை விரிப்பவர்கள் அந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டு வாசித்திருக்கலாம்.

நகரம் எப்படிப் பரவும் என்று முன்கூட்டிப் பார்க்கும் கணினி மாதிரிகள் புதினமல்ல. 1990களிலேயே சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்கு இப்படிக் கணித்துப் பார்த்தார்கள். நிலத்தைச் சிறு கட்டங்களாக்கி, பழைய படங்கள், வீதிகள், சரிவு, கட்டக்கூடாத இடங்கள் எல்லாவற்றையும் கொடுத்தால், அடுத்து எந்தக் கட்டம் வீடாகும் என்று அது காட்டும். அங்கே மலைச்சரிவு நகரத்தை மறிக்கும். இங்கே மலை ஏது? ஒரு சாண் ஏற்றஇறக்கம்தான் நம் மலை. 56 கிலோமீற்றர் நீள வாவிக்குப் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் இரண்டே வாய். அவற்றையும் மணல் அடைத்துக்கொள்ளும். உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவுகள் திறந்து, முகத்துவாரம் வெட்டத் தாமதமானால், தண்ணீர் இருந்து ஆற ஒரு பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளத்துக்குத்தான் இப்போது காணி விலை ஏறுகிறது.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் எத்தனை பேர் முழுகுவார்கள், வாகனம் எங்கே நிற்கும் என்று ஆண்டுதோறும் கூடிப் பேசுகிறார்கள். கார்த்திகையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேட்கத்தான் நேரமில்லை.

அதிகாரிகளுடைய கெட்டித்தனம் நமக்குப் புதிதுமல்ல. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர், தெற்கில் 100 மீற்றர் வரை வீடு கட்டக்கூடாது என்று கோடு கிழித்தார்கள். ஏன் கிழக்குக்கு மட்டும் இரட்டிப்பு என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் எவரையும் திருப்திப்படுத்தவில்லை. நாவலடிக் கடற்றொழிலாளரை இதே திராய்மடுவுக்கு அனுப்பினார்கள். தோணியும் வலையும் அங்கே, கூரை இங்கே. பிறகு கிழித்த கோட்டைத் தளர்த்தினார்கள். அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். அலைக்குத் தப்பியவர்களை மாரி வெள்ளத்துக்குள் குடியேற்றிய அந்தப் புத்திதான், அதே மடுவை மாவட்டத்தின் தலைமையிடமாகவும் கண்டுபிடித்திருக்கிறது. 1957 வெள்ளம் எதிர்பாராதது. 1978 நவம்பர் 23 சூறாவளி எதிர்பாராதது. மட்டக்களப்பை மூழ்கடித்த 2011 ஜனவரி வெள்ளமும் எதிர்பாராதது. எதிர்பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இன்னும் எத்தனை முறை ஆச்சரியப்படுவார்கள்?

இடித்துத் தள்ளச் சொல்லவில்லை. மிச்சமுள்ள கண்டலையும் தாழ்நிலத்தையும் காக்க ஏதாவதொரு ஒழுங்கு வரட்டும். இருபது ஆண்டில் இந்தப் பக்கம் எப்படியிருக்கும் என்ற படமொன்று மக்கள் பார்க்கும் சுவரில் தொங்கட்டும். இல்லையென்றால் அடுத்த வெள்ளத்தில் அனர்த்த முகாமைத்துவக் கூட்டம் அந்தப் புதிய கட்டடத்தில்தான் கூடும். கூட்டத்துக்கு எந்த வழியால் வருவது, வாகனத்திலா தோணியிலா என்பதையாவது இப்போதே தீர்மானித்து வைக்கட்டும்.