ஓய்வூதியமும் பேனாவும்

"இவ்வளவு காலமும் நேரமில்லை, இனித்தான் எழுத வேண்டும்." இளைப்பாறிய ஆசிரியர்களும் அலுவலர்களும் இவ்வாறு கூறுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அரச சேவையில் இளைப்பாறும் வயது 65 ஆக உயர்த்தப்பட்டு, பின்னர் மீண்டும் 60 ஆக்கப்பட்டதால், 2022 டிசம்பர் 31 இல் பெருந்தொகையினர் ஒருங்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் சிலர் இன்று பேனாவை எடுத்துள்ளனர்.

இதனை எள்ளி நகையாடுவோர் உளர். அறுபதில் தொடங்கும் எழுத்து எங்கே போய்ச் சேரும் என்பது அவர்தம் வினா. இவ்வேளனத்துக்கு நாம் உடன்படோம். அ. முத்துலிங்கத்தின் 'அக்கா' 1964 இல் வெளிவந்தது. பின்னர் உத்தியோகம் அவரை நாடு நாடாக இழுத்துச் சென்றது. அடுத்த தொகுதியான 'திகடசக்கரம்' 1995 இலேயே வந்தது. 2000 ஆம் ஆண்டில் இளைப்பாறிய பின்னர் அவர் எழுத்து ஓயவில்லை, பெருகியது. இலக்கியத்துக்கு வயதெல்லை வகுக்க எவருக்கும் உரிமையில்லை.

எமது வழக்கு வேறு. எழுத்தை ஓய்வுகாலத்தின் அலங்காரமாகக் கருதும் மனப்பான்மையையே நாம் எதிர்க்கிறோம். ஊர்க் கோயிலுக்கு ஓர் ஊஞ்சற்பா. பிள்ளைகளைக் காண வெளிநாடு சென்றுவந்த பயணக் கட்டுரை. சொந்தச் செலவில் ஒரு நூல். வெளியீட்டு விழாவில் ஒரு பொன்னாடை. முப்பத்தைந்து ஆண்டுகளாக இவர்கள் கண்ணாற் கண்டவை யாவும் எங்கே போயின?

மலையகத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் எண்பதுகளின் தொடக்கத்தில் நியமனம் பெற்ற ஓர் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அனுப்பப்படுவோர் எவரும் அதில் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னும் குடும்பங்கள் தலைமன்னாரிற் கப்பலேறிக்கொண்டிருந்தன. அவ்வாசிரியர் வகுப்பு இடாப்பிலே பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டினார். 525,000 என்னும் எண்ணை வரலாற்றாசிரியன் எழுதிவிடுவான். வெறுமையாய்க் கிடந்த வாங்கை எழுத வல்லவர் அவ்வாசிரியரன்றி வேறு யார்?

தாபன விதிக்கோவை வாயைக் கட்டியிருந்தது என்பர். அதனை நாம் மறுக்கவில்லை. இடமாற்றத்துக்கு அஞ்சாமல் எழுதக் கூடியவர் சிலரே. ஆயின் சேவைக்காலத்து நியாயத்தை இளைப்பாறிய பின்னரும் எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்பது? அச்சம் நீங்கிய பின்னும் நீடிக்கும் மௌனத்தை அச்சம் என்று அழைத்தல் பொருந்தாது, அது வசதி.

இன்னொன்றையும் மறத்தலாகாது. எழுதுவதற்கான ஓய்வு யாவர்க்கும் கிடைப்பதன்று. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் இல்லை. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியிலிருந்து, 50 வயதானதும் ஒரு தொகையைப் பெறலாம். அது கடனுக்கும் கலியாணத்துக்கும் கரைந்ததும் அவள் மீண்டும் நாட்கூலிக்குப் போகிறாள். அவள் கடையில் வாங்கும் பண்டங்களின் மீது செலுத்தும் வரியும் ஆசிரியரின் ஓய்வூதியத்திற் கலந்துள்ளது. எனவே அந்த ஓய்வு ஒரு கடன். எழுத்தால் அதனைத் தீர்க்க வேண்டும்.

தீர்ப்பதும் எளிதன்று. அதிபராயிருந்தவர் கதையிலும் அதிபராகவே நின்று போதிக்கிறார். இலிகிதராயிருந்தவரின் கதாபாத்திரங்கள் அலுவலகக் கடிதம்போற் பேசுகின்றன. பதவியை வாசலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருதல் வேண்டும். இக்கலையில் அறுபது வயதினரும் தொழில் பழக வந்தவரே. டொமினிக் ஜீவா ஓய்வுக்காகக் காத்திருந்தவரல்லர். யாழ்ப்பாணத்துச் சலூனில் முடிதிருத்தியவாறே கதை எழுதினார். 1966 இல் 'மல்லிகை'யையும் தொடங்கினார். வயதில் மூத்தோர் அவரிடம் பாடங் கேட்பதில் இழிவில்லை.

இளைப்பாறிய தோழர்களே, பொன்னாடைகளைப் பெட்டியில் வையுங்கள். அந்தப் பழைய இடாப்பை நினைவில் விரியுங்கள். வெட்டிய பெயர்களுள் ஒன்றை எடுத்து, அந்தப் பிள்ளை எந்த வாங்கிலிருந்தது, கடைசி நாளன்று என்ன கேட்டது என்று எழுதத் தொடங்குங்கள். உங்களுக்குப் பின் அதனை அறிந்தவர் எவருமிலர்.