கூட்டி வந்த அணியா? கூடிப் படித்த அணியா?



குறுமைய விளையாட்டுப் போட்டி முடிந்ததிலிருந்து நம்ம பள்ளியில் ஒரே பேச்சுதான். "அவங்க மாதிரி நாமளும் வெளியிலிருந்து நாலு பேரைக் கொண்டு வந்தாத்தான் கப்பு வரும்" என்று சிலர் சொல்கிறார்கள். அது வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன? சீனியர் கபடி அரையிறுதியில் நம்மை ஜெயித்த பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. களத்தில் இறங்கிய ஏழு பேரில் ஐந்து பேர் இந்த ஜூனில்தான் அங்கே சேர்ந்தவர்கள். மூன்று மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஃபீஸ் கிடையாது, விடுதியும் சாப்பாடும் இலவசம். மேட்ச் முடிந்து பேசும்போது அவர்களே சொன்னார்கள். நாம் நாலு தடவை லோனா ஆனோம்.

தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ரெய்டரின் கால்வேகத்தைப் பார்த்து நானே கை தட்டினேன். எனக்கு உறுத்தியது வேறு. அந்தப் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பிலிருந்து படித்து, போன வருஷம் வரை கபடி ஆடிய பையன்கள் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். நம்மிடம் தோற்றிருந்தால்கூட அவர்களுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சிறந்தவர்களைப் பொறுக்கி அணி சேர்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தேசிய அளவிலான பள்ளிப் போட்டிக்குத் தமிழ்நாடு அணியைத் தேர்வு வைத்துத்தான் எடுக்கிறார்கள். எதிரே வரும் அணியும் அதே மாதிரி தேர்வான மாநில அணி. அது சரிக்குச் சரி. ஆனால் குறுமையத்தில் அறிவிப்பு என்ன? பள்ளிக்கும் பள்ளிக்கும் போட்டி. அதில் ஒரு பக்கம் பள்ளி, இன்னொரு பக்கம் மூன்று மாவட்டம் என்றால் அது என்ன கணக்கு?

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட் பகுதியில் 1947 முதல் சிறுவர்களுக்கான பேஸ்பால் உலகத் தொடர் நடக்கிறது. பெயர் லிட்டில் லீக். ஒவ்வொரு லீகும் தன் எல்லைக்குள் இருக்கும் பிள்ளைகளில் சிறந்தவர்களைச் சேர்த்து அணி அனுப்பலாம். எல்லை தாண்டி ஆள் எடுக்கக் கூடாது. 1992-இல் பிலிப்பைன்ஸின் சம்போவாங்கா அணி இறுதியாட்டத்தில் 15-4 என்று ஜெயித்தது. பிறகு, பல வீரர்கள் வெளியூர்க்காரர்கள் என்று பிலிப்பைன்ஸ் பத்திரிகைக்காரர்களே எழுதினார்கள். பட்டம் பறிபோய், கலிஃபோர்னியாவின் லாங் பீச் அணிக்குப் போனது. 2014-இல் அமெரிக்கப் பட்டம் வென்ற சிகாகோ அணிக்கும் இதே எல்லைப் பிரச்சினைதான். 2015-இல் பட்டம் ரத்தானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லைக் கோட்டை மீறியது பெரியவர்கள். பட்டத்தை இழந்தது சின்னப் பிள்ளைகள். அவர்கள் அடித்த ரன் எல்லாம் உண்மையான ரன்தானே?

அதனால்தான் அந்த ஐந்து பேர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டால் படிப்பும் மூன்று வேளைச் சோறும் கிடைத்தால் அது நல்ல விஷயம். அரசின் விளையாட்டு விடுதிகள் இருப்பதும் அதற்காகத்தான். திறமைக்கு உதவி செய்யட்டும். அந்த உதவியைக் காட்டி இன்னொரு பையனின் இடத்தைப் பிடுங்க வேண்டாம்.

"ஒரு கப்புக்காக இவ்வளவு பேச்சா?" என்று கேட்கலாம். கப்பு மட்டும் இல்லை சார். குழு விளையாட்டில் ஜெயித்த அணிதான் மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். மேலே போனால்தான் பெரிய சான்றிதழ். பொறியியல் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. முதல் படியிலேயே வழி அடைபட்டால், ஒரு சாதாரண பள்ளிப் பையன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் தேர்வாளர்கள் கண்ணில் படமாட்டான்.

என் யோசனைகள்:

1. ஒரு பள்ளியில் குறைந்தது ஒரு வருஷம் படித்த பிறகே அந்தப் பள்ளிக்காகக் குழு விளையாட்டில் இறங்கலாம் என்று வைக்கலாம். அப்பா அம்மா வேலை மாற்றலால் வந்தவர்களுக்கு விலக்கு கொடுக்கலாம்.

2. விளையாட்டு விடுதி அணிகளுக்குத் தனிப் பிரிவு வைக்கலாம். அவர்களுக்கும் சரியான எதிரி கிடைப்பான்.

3. தோற்ற அணியிலிருந்தும் நன்றாக ஆடிய இரண்டு பேரை மாவட்டத் தேர்வுக்கு அழைக்கலாம்.

இவை பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டியவை. நம் கையில் இருப்பது ஒன்றுதான். அடுத்த வருஷம் நம்ம அணியில் யார் நிற்க வேண்டும்? காலையில் முதல் பஸ் பிடித்து வந்து, பிரேயர் மணி வரை பி.இ.டி. சார் விசிலுக்கு ஓடுகிற ஒன்பதாம் வகுப்புப் பசங்க இருக்கிறார்கள். இரண்டு வருஷத்தில் அவர்கள்தான் சீனியர். அவர்களைப் பார்த்து "உனக்குப் பதில் வேற ஆள் வர்றான்" என்று யார் சொல்வது? என்னால் முடியாது. உங்களால் முடியுமா?

கப்பு இல்லாத அலமாரியைத் துடைத்து வைத்துக்கொள்ளலாம். நம்ம பசங்க இல்லாத அணிக்கு யார் கை தட்டுவார்கள்?

– கபடி அணி மாணவன், 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு