பம்பு வந்தாச்சு... தண்ணீர் வருமா?

குட்டீஸ், போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு பஸ்ஸில் போனால், ஜன்னல் வழியே பாருங்கள். வழியில் ஏதாவது ஓர் ஊரில், நீளமான கைப்பிடி வைத்த இரும்பு அடிபம்பு கண்ணில் படும். இதே பம்பு ஆப்பிரிக்காவிலும் தண்ணீர் இறைக்கிறது என்றால் நம்புவீர்களா?

உலகில் நான்கில் ஒருவருக்கு, அதாவது சுமார் 210 கோடி பேருக்கு, பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லை என்று 2025-ல் ஐ.நா. அமைப்புகள் தெரிவித்தன. ஆப்பிரிக்காவின் ஏழைக் கிராமங்களில் பலர் குட்டைத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். காலராவும் வயிற்றுப்போக்கும் வருகின்றன.

1998-ல் கனடாவில் 6 வயதுச் சிறுவன் ரயான் இதை வகுப்பில் கேள்விப்பட்டான். வீட்டு வேலைகள் செய்து, 70 டாலர் சேர்த்தான். கிணற்றுக்கு 2,000 டாலர் வேண்டும் என்றார்கள்! அவன் சளைக்கவில்லை. 1999-ல் உகாண்டாவில் ஒரு பள்ளிக்குக் கிணறு கிடைத்தது. 2001-ல் அவன் பெயரில் அறக்கட்டளையும் உருவானது.

'நாமும் பணம் அனுப்பலாமே' என்று தோன்றுகிறதா? நல்ல எண்ணம்தான். ஆனால், பம்பு கெட்டுப்போனால் யார் சரிசெய்வது?

ஆப்பிரிக்காவில் 'பிளே பம்ப்' என்று ஒன்று வந்தது. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும். 2006-ல் அமெரிக்கா இதற்குப் பெரும் தொகை அறிவித்தது. ஆனால், குழந்தைகள் எவ்வளவு நேரம்தான் சுற்றுவார்கள்? பல ஊர்களில் அம்மாக்களே ராட்டினத்தைத் தள்ளினார்கள். பழுதானால் சரிசெய்ய உள்ளூரில் ஆளில்லை. சில ஆண்டுகளிலேயே அந்தப் பெரிய திட்டம் நின்றுபோனது.

நம் நாட்டிலும் முன்பு இதே கதைதான். ஒரு வீட்டுக்காகச் செய்த வார்ப்பிரும்பு பம்பை ஊரே நாள் முழுக்க அடித்தால் தாங்குமா? உடைந்துபோயின. அதனால் 1970-களில் யுனிசெப் உதவியுடன் 'இந்தியா மார்க் 2' என்ற உறுதியான பம்பை உருவாக்கினார்கள். கோவைப் பக்கம் சோதித்தார்கள், சென்னையில் தயாரித்தார்கள். நீங்கள் பஸ்ஸிலிருந்து பார்ப்பது அந்த வகைதான். உகாண்டாவில் அதற்கு 'யூ 2' என்று பெயர்!

பம்போடு வேலை முடியவில்லை. தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், பெரிய பழுதுக்கு மாவட்டக் குழு என்று மூன்றடுக்கு ஏற்பாடு செய்தார்கள்.

தர்மம் செய்வது பெரிய விஷயம். கொடுத்தது கெடாமல் பார்ப்பது அதைவிடப் பெரிய விஷயம். உங்கள் தெருப் பம்பில் தண்ணீர் வருகிறதா? வராவிட்டால், பெரியவர்களோடு போய் ஊராட்சி அலுவலகத்தில் சொல்லுங்கள். அதுவும் தண்ணீர் தானம்தான்!