மருந்தடிப்பவரின் தோலுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

2018ஆம் ஆண்டு நம் இலங்கைத் தேயிலையில் ஒரு பகுதியை ஜப்பான் ஏற்க மறுத்தது. 2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டதும் தோட்டங்கள் வேறு களைநாசினிகளுக்கு மாறியிருந்தன. அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் ஜப்பானின் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த எல்லை 0.01 பிபிஎம், ஒரு கிலோ தேயிலையில் ஒரு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கு. நாடே அதைப் பற்றிப் பேசியது. அதே ஆண்டில் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

டோக்கியோவில் தேநீர் குடிப்பவருக்காக இவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம். பசறை மலையில் அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தவரின் தோலில் எது பட்டது, எவ்வளவு பட்டது என்று எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

மருந்தடிப்பவரைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். டாங்கி மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் மருந்துத் தண்ணீர் முதுகு வழியாக இடுப்புக்கு இறங்கும். நொசில் அடைத்துக்கொண்டால் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால்தான் நோண்டி எடுப்பார். பின்னேரம் அந்தச் சட்டை பீலியடிக்குப் போகும். பெரும்பாலும் துவைப்பது மனைவி. மணிக்கட்டிலும் கழுத்திலும் அரிப்பு தொடங்க ஒன்றிரண்டு நாளாகும், அதற்குப் பிறகு நீர்க்கொப்புளம். திங்கட்கிழமை பட்டதற்குப் புதன்கிழமை தோல் தடித்தால் இரண்டையும் யார் முடிச்சுப் போடுவார்? உடம்புச் சூடு என்பார் ஒருவர், கருவாடு என்பார் இன்னொருவர். பாமசியில் ஒரு டியூப் வாங்கிப் பூசினால் ஆறும். அடுத்த சுற்று மருந்தடிப்பில் திரும்பவும் வரும்.

இந்த அரிப்பு திரும்பத் திரும்ப வருவது இப்படித்தான்: சில சிறிய மூலக்கூறுகள் தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. அப்படி மாறிப்போன புரதத்தை நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்நியன் என்று குறித்து வைத்துக்கொள்கின்றன. முதல் தடவை வெளியே ஒன்றும் தெரியாது. அதன் பிறகு கொஞ்சம் பட்டாலும் போதும், தோல் கிளர்ந்துவிடும். இப்படி வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. கொஞ்சமாகத்தானே பட்டது என்ற சமாதானம் இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

எந்த மூலக்கூறு இப்படி ஒட்டும் என்பதை அதன் வடிவத்திலிருந்தே ஊகிக்கலாம். இரத்த வகைகளைக் கண்டுபிடித்த லான்ட்ஸ்டைனர் 1930களிலேயே கினிப்பன்றிகளை வைத்து இதைக் காட்டினார்: புரதத்தோடு எளிதில் வினைபுரியும் குளோரின் சேர்மங்களே தோல் ஒவ்வாமையையும் உண்டாக்கின. இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. மூலக்கூறின் கட்டமைப்பை ஒரு வரி எழுத்துகளாகக் கொடுத்தால், புரதத்தோடு ஒட்டக்கூடிய இடங்களைத் தேடி, ஏற்கெனவே சோதிக்கப்பட்ட பொருள்களோடு ஒப்பிட்டு, ஒவ்வாமை வருமா வராதா என்று சொல்லும். குளோரோதலோனில் என்ற பங்கசுநாசினியைக் கொடுத்துப் பார்த்தால், அதன் வளையத்தில் எளிதில் கழன்று புரதத்துக்கு இடம்விடும் குளோரின் அணுக்கள் இருப்பது முதலில் கண்ணில் படும். விலங்குகளில் சோதிக்காமல், கணினிக் கணிப்பையும் சோதனைக் குழாய் முடிவுகளையும் சேர்த்துத் தீர்மானிக்கும் முறையை, பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பான ஓஈசிடி 2021இல் வழிகாட்டியாக வெளியிட்டது. அந்த அமைப்பின் மென்பொருள் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது.

நம்முடைய பழைய அளவுகோலைப் பார்த்தால் இந்தக் கணிப்பின் தேவை புரியும். உலக சுகாதார நிறுவனம் பீடைகொல்லிகளை வகைப்படுத்துவது, உடனடியாக உயிரைப் பறிக்க எவ்வளவு வேண்டும் என்ற கணக்கை வைத்து. அதன்படி குளோரோதலோனிலும் மங்கோசெப் என்ற இன்னொரு பங்கசுநாசினியும் சாதாரணப் பாவனையில் கடும் ஆபத்துக்கு வாய்ப்பில்லாத வகுப்பில் இருக்கின்றன. இரசாயன அபாயங்களுக்கான சர்வதேச முறையிலோ இரண்டுமே தோல் ஒவ்வாமையைத் தூண்டுபவை. கடைக்காரர் “இது பயமில்லாத மருந்து” என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருப்பது பாதிக் கணக்கு.

கணினிக்கும் எட்டாத இடங்கள் உண்டு. தலைமயிர்ச் சாயத்தில் உள்ள பிபிடி போன்றவை, காற்றோடும் தோலோடும் சேர்ந்து மாறிய பிறகே ஒவ்வாமையைத் தருகின்றன. இத்தகையவற்றைச் சில மாதிரிகள் தவறவிடுகின்றன. போத்தலில் செயற்பொருளோடு கரைப்பானும் பழுதாகாமல் காக்கும் பொருள்களும் இருக்கின்றன, அவற்றின் பெயர் தெரியாவிட்டால் கணினிக்குக் கொடுக்கவும் ஒன்றுமில்லை. திரையில் வரும் விடை ஊகம்தான். அதைச் சரிபார்க்க மனிதத் தோலில் உண்மையில் நடந்தது தெரிய வேண்டும், அந்தச் செய்தி லயத்தில்தான் இருக்கிறது.

அதனால் இந்தக் கணக்கெடுப்பை எந்த ஒரு தரப்பின் தலையிலும் கட்ட முடியாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் பதிவாளர், போத்தலில் உள்ள எல்லாப் பொருள்களின் பெயர்களையும் ஆராய்ச்சியாளருக்குத் தரலாம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பதிவான மருந்துகளின் பட்டியலைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது இறுதியாண்டு மாணவர் ஓரிருவர் செய்யக்கூடிய வேலை. தேயிலை ஆராய்ச்சி நிலையம் எந்த மருந்தை எப்போது அடிக்கலாம் என்று தோட்டங்களுக்கு அறிவுரை தருகிறது. அந்த அறிவுரையில் தோல் ஒவ்வாமைக்கும் நல்ல தமிழில் ஒரு வரி சேர்க்கலாம்.

தோட்ட டிஸ்பென்சரியில் அரிப்பென்று வருபவரிடம் “மூன்று நாளைக்குள் என்ன மருந்தடித்தீர்கள்” என்று கேட்டு எழுதி வைக்கச் செலவே இல்லை. தொழிலாளரும் டியூப்போடு நிறுத்திவிடாமல் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். வெறும் போத்தலை எறியுமுன் லேபலைக் கைபேசியில் படமெடுத்து வைத்தாலே போதும். சிறுதோட்டக்காரர்களுக்கும் இது பொருந்தும், அவர்களுக்கு டிஸ்பென்சரியும் இல்லை.

கடினமான பகுதி சம்பளம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதியாக அறிய, சந்தேகப் பொருளை முதுகில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் வேண்டும். ஒட்ட ஒரு நாள், எடுக்க ஒரு நாள், மறுபடி பார்க்க ஒரு நாள் என்று ஒரே வாரத்தில் மூன்று தடவை கிளினிக்குக்குப் போக வேண்டும். பசறையிலிருந்து பதுளைக்கு மூன்று பயணம் என்றால் மூன்று நாள் பேர் விழாது, சம்பளம் போகும். ஒவ்வாமை உறுதியானாலும் மருந்தடிப்பை விட்டால் வேறு வேலை கிடைக்குமா என்ற பயத்தில் ஆள் வாய் திறக்கமாட்டார். அந்த மூன்று நாளுக்கும் பேர் போடுவது, சம்பளம் குறையாமல் வேலையை மாற்றித் தருவது ஆகிய இரண்டையும் தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாட்டை விட்டு ஒன்றாகக் கேட்க வேண்டும், நிர்வாகங்களும் தர வேண்டும். மழை பிடித்துத் தேயிலையின் கொப்புள நோய்க்கான மருந்தடிப்பு தொடங்குமுன், பெரட்டுக்களத்திலேயே துரையும் தலைவர்மாரும் உட்கார்ந்து பேசி முடிக்கக்கூடிய விஷயம் இது.