புதிதாக வந்தவனை எங்கே நிறுத்துவது?

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் புதிதாகச் சேரும் லைன்பேக்கருக்கு முதல் வருஷம் ஒரே ஒரு வேலைதான் கொடுக்க வேண்டும். அந்த வேலையை, அணியில் எந்த நாற்காலி காலி என்று பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. அந்தப் பையனின் உடம்பு எதை யோசிக்காமல் செய்கிறது என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகவே காலம் தள்ளிய கிழவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். மகள் குடும்பம் டல்லாஸ் பக்கம் இருக்கிறது. அங்கே போய்த் தங்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் வேறு பேச்சு கிடையாது. மாப்பிள்ளை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஆட்டம் பிடிபட்ட பிறகு எனக்கு அது ஆட்டமாகவே தெரியவில்லை. ஓர் அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவு மாதிரிதான் தெரிந்தது. யாரை எந்த மேஜையில் உட்கார வைப்பது என்ற அதே பழைய தலைவலி.

நம் வயதுக்காரர்களுக்காக இரண்டு வரி விளக்கம். நாம் காலால் உதைத்து ஆடிய கால்பந்து வேறு, இது வேறு. பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். தடுக்கும் அணியில் 11 பேர். முன்வரிசையில் மூன்று அல்லது நான்கு மலைகள் நிற்கும். பின்னால் தூரத்தில், நீளமாக வீசப்படும் பந்தைக் காக்கும் வேகக்காரர்கள் நிற்பார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நிற்பவன்தான் லைன்பேக்கர். கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் அவனைச் 'செகோந்தர்' என்கிறார்கள். இரண்டாவதாக நிற்பவன், துணை நிற்பவன் என்ற பொருள் அதிலேயே கேட்கிறது. எனக்கு அந்தச் சொல்தான் சட்டென்று விளங்கிற்று.

அவன் வேலை எளிதல்ல. எதிரி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் முன்னே பாய்ந்து மடக்க வேண்டும். வீசினால் பின்வாங்கி ஆளைக் காக்க வேண்டும். சில சமயம் முன்வரிசையோடு சேர்ந்து, பந்து வீசும் குவார்ட்டர்பேக்கையே துரத்திப் பிடிக்க வேண்டும். பந்தை வீசுவதற்குள் அவனை மடக்கி வீழ்த்தினால் அதற்குச் 'சாக்' என்று பெயர். எது வரப்போகிறது என்று ஒரு நொடிக்குள் தீர்மானிக்க வேண்டும்.

அந்த ஒரே பெயருக்குள்ளும் பல நாற்காலிகள் இருக்கின்றன. நடுவில் நிற்பவன் அநேகமாகப் பிரிவுத் தலைவன் மாதிரி. தடுப்பு அணியில் ஒருவன் தலைக்கவசத்துக்குள் மட்டும் சிறிய ஒலிபெருக்கி இருக்கும். பயிற்சியாளர் சொல்வது அவனுக்குத்தான் கேட்கும். 2008 முதல் இந்த ஏற்பாடு. பல அணிகளில் அது நடு லைன்பேக்கரிடம்தான் இருக்கிறது. அவன் மற்றவர்களுக்குக் கத்திச் சொல்வான். இருபுறமும் நிற்பவர்களுக்கு வேறு வேறு வேலை. கோடியில் நின்று குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவன் தனி ஜாதி. ஆகவே 'நல்ல லைன்பேக்கர் ஒருவனை எடுத்திருக்கிறோம்' என்று ஓர் அணி சொன்னால், கதை அங்கே முடியவில்லை, அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

மூன்று பேர் கதையைச் சொல்கிறேன்.

முதலாமவர் பிரையன் அர்லாக்கர். 2000-ஆம் ஆண்டு சிகாகோ பேர்ஸ் அணி அவரை 9-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பின்வரிசையில் சுதந்திரமாக ஓடித் திரிந்து ஆடியவர். சிகாகோவில் அவரை ஓரத்து லைன்பேக்கராக நிறுத்தினார்கள். அங்கே எதிரே நிற்கும் பெரிய உடம்புக்காரர்களோடு முட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு அது ஒட்டவில்லை. முதல் ஆட்டத்தோடு அந்த இடம் கைவிட்டுப் போயிற்று. பிறகு நடுவில் ஆடிக்கொண்டிருந்த பாரி மின்டருக்குக் காயம் ஏற்பட, அர்லாக்கரை நடுவில் நிறுத்தினார்கள். இருபுறமும் ஓடிப் பிடிக்க இடம் கிடைத்தது. அந்த ஆண்டின் சிறந்த புதிய தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கே. 13 பருவங்கள் அதே அணியில் ஆடினார். 2018-இல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்.

இரண்டாமவர் லூக் கீக்லி. 2012-இல் கரோலினா பேந்தர்ஸ் அணி எடுத்தது. அவரும் 9-ஆவது ஆள்தான். பாஸ்டன் காலேஜில் நடுவில் நின்று எல்லோரையும் மடக்கியவர். ஆனால் கரோலினாவில் ஜான் பீசன் என்ற பெயர் பெற்ற ஆட்டக்காரர் அந்த இடத்தில் இருந்தார். சீனியாரிட்டி! அதனால் கீக்லியை ஓரத்துக்கு அனுப்பினார்கள். பருவத்தின் ஆரம்பத்திலேயே பீசன் காயமடைந்தார். கீக்லி நடுவுக்கு வந்தார். பருவம் முடியும்போது லீக் முழுவதிலும் அதிக டேக்கிள் செய்தவர் இந்தப் புதிய பையன். அடுத்த ஆண்டு, 2013-இல், புதியவர் பழையவர் என்ற பேதமின்றி எல்லாத் தடுப்பாட்டக்காரர்களிலும் சிறந்தவர் என்ற விருதும் அவருக்கு.

மூன்றாமவரை எங்கள் வீட்டிலே எல்லோருக்கும் தெரியும். மைக்கா பார்சன்ஸ். 2021-இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி 12-ஆவது ஆளாக எடுத்தது. பள்ளி நாட்களில் முன்வரிசைக் கோடியில் ஆடியவர். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் லைன்பேக்கராக மாற்றப்பட்டவர். டல்லாஸும் அவரை லைன்பேக்கராகத்தான் முதல் ஆட்டத்தில் இறக்கியது. இரண்டாவது ஆட்டத்துக்கு முன்பு பயிற்சியில் டிமார்கஸ் லாரன்ஸுக்குக் கால் எலும்பு முறிந்தது. கோடியில் ஆட வேண்டிய இன்னொருவர் கோவிட் பட்டியலில். வேறு வழியில்லாமல் பார்சன்ஸைக் கோடியில் நிறுத்தினார்கள். அந்த ஆட்டத்தில்தான் அவருடைய முதல் சாக். அந்தப் பருவத்தில் மொத்தம் 13. சிறந்த புதிய தடுப்பாட்டக்காரர் விருதுக்கு வாக்களித்த அத்தனை பேரும் அவர் பெயரையே எழுதினார்கள்.

மூன்று கதையிலும் ஒரே சங்கதி இருக்கிறது, கவனித்தீர்களா? மூன்று பேரையும் சரியான இடத்தில் நிறுத்தியது பயிற்சியாளரின் திட்டம் அல்ல, வேறொருவனின் காயம். யாரோ ஒருவன் எலும்போ தசையோ போகாதிருந்தால், இந்த மூவரும் தவறான மேஜையிலேயே எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்களோ!

அலுவலகத்தில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த இளநிலை எழுத்தர்களைக் கேள்வி கேட்காமல் தபால் பிரிவில் போடுவது வழக்கம். கணக்கில் புலியான ஒரு பையன் பல மாதம் உறைகளுக்கு ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தான். கணக்குப் பிரிவில் ஒருவர் மருத்துவ விடுப்பில் போனார். மார்ச் மாதம் வேறு. வேறு ஆள் இல்லாமல் இவனைக் கூப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் தேங்கிக் கிடந்த பில்கள் எல்லாம் நகர்ந்தன. 'இவன் இத்தனை நாள் எங்கே இருந்தான்?' என்று அதிகாரி கேட்டார். அதே கட்டடத்தில்தான் இருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

'அப்படியானால் புதியவனை எல்லா இடத்திலும் போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதானே' என்று தோன்றும். இங்கேதான் நான்காமவர் கதை வருகிறது. ஐசையா சிம்மன்ஸ். 2020-இல் அரிசோனா கார்டினல்ஸ் அணி 8-ஆவது ஆளாக எடுத்தது. மேலே சொன்ன மூவருக்கும் முந்திய வரிசை எண். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் நடுவில், பின்னால், ஓரத்தில் என்று எல்லா இடத்திலும் ஆடியவர்; கல்லூரி அளவில் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதும் பெற்றவர். எல்லாம் தெரிந்தவன் என்பதே அவருடைய புகழ். அந்தப் புகழே அவருக்கு வினையாயிற்று என்பது என் எண்ணம். அரிசோனாவில் ஒருநாள் லைன்பேக்கர், இன்னொருநாள் பின்வரிசை என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். அவ்வப்போது மின்னல் மாதிரி ஓர் ஆட்டம் காட்டுவார்; நிலைத்து நிற்கவில்லை. 2023-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு அவரைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஏழாவது சுற்றுத் தேர்வு ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். ஏழாவது சுற்றுதான் கடைசிச் சுற்று.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் சேர்ந்த 2020-இல் கோவிட் காரணமாகப் பருவத்துக்கு முந்திய பயிற்சி ஆட்டங்களே நடக்கவில்லை. பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்காத பையன். அப்படிப்பட்டவனுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்து, 'இதை மட்டும் பார், மற்றதை அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லியிருக்க வேண்டாமா?

நம் ஊரில் பெத்தாங்க் ஆடியவர்களுக்கு இது புரியும். மூவர் அணியில் ஒருவர் குண்டைச் சிறு பந்தின் அருகே கொண்டுபோய் வைப்பவர், ஒருவர் எதிரியின் குண்டை அடித்துத் தள்ளுபவர், மற்றவர் இரண்டுக்கும் நடுவில். புதியவனைப் பார்த்து 'வைப்பதா அடிப்பதா, சமயத்துக்கு ஏற்றபடி செய்' என்றால் இரண்டும் வராது. குண்டு கையை விடும்போதே சந்தேகம் அதோடு சேர்ந்து போகும்.

மாப்பிள்ளை இதை ஒப்புக்கொள்ளவில்லை. "இல்ல மாமா, பார்சன்ஸ் எங்க நிக்கப்போறான்னு எதிராளிக்குத் தெரியாம இருக்கிறதுதானே பலம்? டான் குவின் அவனை ரெண்டு இடத்துலயும் வெச்சு ஆடவிட்டாரே" என்றார். வாதம் வலுவானதுதான். இன்றைய ஆட்டத்தில் பந்தை வீசுவது அதிகமாகிவிட்டது. பின்வரிசைக்கு ஐந்தாவது ஆளைக் கொண்டுவந்துவிட்டு, லைன்பேக்கர்களை இரண்டாகக் குறைத்து ஆடுவதே சாதாரணமாகிவிட்டது. அந்த இருவரில் ஒருவன் பல வேலை செய்தால் லாபம்தான்.

"சரிங்க மாப்பிள்ளை, ஆனா அவனுக்கு முதல்ல ஒரு வீடு கிடைச்சுது, அப்புறம்தான் ஊர் சுத்தினான்" என்றேன். கோடியில் நின்று துரத்துவது பார்சன்ஸின் சொந்த வேலை என்பது தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் நடுவில் நின்றாலும், எதிரி 'இவன் துரத்த வருவானோ' என்று அஞ்சினான். சொந்த வேலை இருப்பவன் இடம் மாறினால் அது தந்திரம். சொந்த வேலை இல்லாதவன் இடம் மாறினால் அது அலைச்சல்.

இவ்வளவு தூரம் நான் இதைப் பிடித்துக்கொண்டு பேசுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. இதில் ஒரு பையனின் பிழைப்பு இருக்கிறது. 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, தேர்வாகி வரும் புதியவரின் சம்பளம் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்தே அநேகமாக நிர்ணயமாகிறது. நான்கு வருஷ ஒப்பந்தம். பெரும்பணம் அதற்குப் பிறகுதான். அந்தப் பெரும்பணமோ பதவிப் பெயரைப் பொறுத்தது. குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவனுக்குக் கிடைப்பது, நடுவில் நின்று மடக்குபவனுக்குக் கிடைப்பதைவிட மிக அதிகம். 2008-இல் பால்டிமோர் அணியின் டெரல் சக்ஸ் விஷயத்தில் இதே தகராறு வந்தது. அணி அவரை லைன்பேக்கர் என்றது; அவர் தரப்பு முன்வரிசைக் கோடியாள் என்றது. இரண்டு பெயருக்கும் சம்பளத்தில் லட்சக்கணக்கான டாலர் வித்தியாசம். கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு தொகைக்குச் சம்மதித்தார்கள். பதவிப் பெயர் தகராறில் கோப்புகள் எத்தனை வருஷம் அலைந்தன என்று பார்த்த நமக்கு இது புதிதா என்ன?

பயிற்சியாளர் முதல் வருஷம் போடும் உத்தரவு அணிக்கு ஒரு பருவத்துப் பிரச்சினை. பையனுக்கு அதுவே ஆயுள் கணக்கு. இந்த ஆட்டத்தில் முப்பது வயதே முதுமை. கீக்லி 28 வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். தவறான இடத்தில் இரண்டு வருஷம் போனால் திரும்பி வராது. நமக்காவது 58 வரை காத்திருக்க முடிந்தது.

ஆகவே, ஜூலை கடைசியில் பயிற்சி முகாம் தொடங்கும்போதே பயிற்சியாளர் மூன்று விஷயம் பார்க்கட்டும். பந்து அசைந்தவுடன் அந்தப் பையனின் முதல் அடி எந்தப் பக்கம் போகிறது? களைத்துப்போன நேரத்தில், சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்த பிறகும், எதைச் சரியாகச் செய்கிறான்? மூத்தவர் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அவனை எந்த இடத்திலிருந்தாவது தள்ளி வைத்திருக்கிறோமா? பருவத்துக்கு முந்திய பயிற்சி ஆட்டங்கள் இருப்பதே இதைப் பார்க்கத்தான். அப்போது பார்த்துவிட்டால், செப்டம்பரில் இன்னொருவனுக்குக் கால் முறிய வேண்டிய அவசியமே வராது.