கறுப்புச் சேற்றைப் பட்டினி போடுவோம்

சென்னையில் திருமயிலையிலிருந்து கோட்டூர்புரம் வரை பறக்கும் ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயை ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும். தார் கரைத்து ஊற்றியது போன்ற கறுப்பு. அடியிலிருந்து குமிழ்கள் கிளம்பி வந்து மேலே உடைகின்றன. கூடவே அழுகிய முட்டை நாற்றம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தப் பகுதி, 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக, படகுகள் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டது. பசியில் வாடிய கூலி மக்கள் தோண்டிய கால்வாயில் இன்று படகு இல்லை. காற்றே தேவைப்படாத நுண்ணுயிர்கள்தான் இருக்கின்றன. அந்தக் குமிழும் நாற்றமும் அவற்றின் மூச்சு. கால்வாயைச் சுத்தம் செய்கிறோம் என்று பல பத்தாண்டுகளாகப் பணம் செலவழிக்கும் நாம், இந்த உயிர்கள் எதைத் தின்று வாழ்கின்றன என்ற கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். விடை தெரிந்தால் திட்டங்களின் வரிசையே மாறிவிடும்.

1895இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் மார்டினஸ் பெய்ரின்க் என்ற அறிஞர், அந்த ஊர் நீரோடைச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் டீசல்ஃபோவிப்ரியோ. நாம் ஆக்சிஜனைக் கொண்டு மூச்சு விடுகிறோம். இதற்கு அந்த இடத்தில் சல்பேட் உப்பு. அழுகும் பொருளைத் தின்று, சல்பேட்டை உள்ளிழுத்து, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியே விடுகிறது. அந்த வாயு சேற்றிலுள்ள இரும்போடு சேரும்போதுதான் கருநிறம் வருகிறது. வீட்டில் வெள்ளி விளக்கு கறுப்பதும் இதே கந்தகத்தின் வேலைதான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. பட்டினப்பாக்கத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் இடையிலுள்ள அடையாற்று முகத்துவாரம் வழியாக ஓதம் ஏறும்போது அது உள்ளே வருகிறது. மேலேயிருந்து மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வீடுகளின் சாக்கடை இறங்குகிறது. மாம்பலம் கால்வாய் தியாகராய நகரின் கழிவைச் சுமந்து வந்து அடையாற்றில் கொட்டுகிறது. கடல் தரும் சல்பேட், ஊர் தரும் சோறு, அசையாத நீர் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் டீசல்ஃபோவிப்ரியோ இனம் பெருகாமல் என்ன செய்யும்?

தூர் வாரினால் தீர்ந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. வெள்ள நீர் தடையின்றி ஓடத் தூர் வாரத்தான் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நாற்றத்துக்கு அது மருந்தல்ல. சேற்றைக் கிளறினால் அடைபட்டிருந்த சல்பைடு வெளியேறித் தண்ணீரில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். முதல் மழை அடிச்சேற்றைப் புரட்டிப் போட்ட பிறகு முகத்துவாரத்தில் மீன்கள் செத்து மிதப்பதும் இதனால்தான். வாரியெடுத்த இடத்தில் சாக்கடை தொடர்ந்து விழுந்தால் புதிய சேறு படிய அதிக நாள் ஆகாது. பிளீச்சிங் பவுடர் தூவுவதும், நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பதும் அப்படித்தான். மேலே விழும் மருந்து அடிச்சேற்றுக்குள் இறங்குவதில்லை. இறங்கினாலும் மறுநாள் வரும் சாக்கடை அதைத் தோற்கடித்துவிடும். முகத்துவார மணல் திட்டை அகற்றிக் கடலைத் தாராளமாக உள்ளே விடலாமே என்ற வாதம் இவற்றைவிட வலுவானது. நல்ல ஓட்டம் இருந்தால் கடல்நீர் ஆக்சிஜனைக் கொண்டு வரும், கழிவை நீர்க்கச் செய்யும். மணல் மூடி, ஓதம் மெல்லத் தவழ்ந்து ஏறும் மாதங்களிலோ அது சல்பேட்டைத்தான் கொடுத்துவிட்டுப் போகும். சாக்கடையை நிறுத்தாமல் கடலை மட்டும் நம்புவது பாதி வைத்தியம்.

இதை வெறும் நாற்றப் பிரச்சினையாகப் பார்ப்பவர்கள் பாதாளச் சாக்கடையை எண்ணிப் பார்க்க வேண்டும். குழாயின் அடியில் படியும் கசடிலும் இதே இன உயிர்கள் இதே வாயுவைத் தயாரிக்கின்றன. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். நூறு பங்கைத் தாண்டினால் மோப்பமே செத்துப்போகும். மேன்ஹோல் மூடியைத் திறந்து, நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைத்து இறங்குகிறவருக்கு உண்மையில் குறைந்திருப்பது தன் மூக்கின் சக்தி. ஐந்நூறு, அறுநூறு பங்கை எட்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் குழியின் அடியிலேயே தேங்கி நிற்கும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுகிறார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2014இல் 10 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது, 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்ததே தவிர இறப்பு நிற்கவில்லை. இத்தகைய மரணங்களில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் இருப்பது நமக்குப் பெரும் அவமானம்.

இந்த உயிர்களையே குறை சொல்லிப் பயனில்லை. மூடிய தொட்டிக்குள் வைத்தால் காற்றில்லா நுண்ணுயிர்கள் நமக்கு உழைக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரித்த பின் மிஞ்சும் கசடில் கடல்நீர் கலக்காததால் சல்பேட் குறைவு. சல்பேட் தீர்ந்த இடத்தில் மீத்தேன் தரும் உயிர்கள் கை ஓங்கும். (அவை பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம் என்பதை 1977இல்தான் உலகம் அறிந்தது.) அவற்றுக்குப் பிடித்த வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் அளவு. குளிர் நாடுகளில் அதற்காகத் தொட்டியைச் சூடேற்ற வேண்டும்; சென்னைக்கு வெயிலே அதில் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது. பெருங்குடி, நெசப்பாக்கம், கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்களில் கசடு வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் இயந்திரங்கள் நிறுவப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. கால்வாயில் நஞ்சாகும் அதே கழிவு அங்கே அந்த நிலையத்தின் மோட்டார்களை ஓட்டுகிறது. ஆகவே, கால்வாய்க்குப் போகும் ஒவ்வொரு லிட்டர் சாக்கடையையும் இடைமறித்து இந்த நிலையங்களுக்குத் திருப்புவதே முதல் வேலையாக இருக்க வேண்டும். கரையில் நடைபாதையும் பூச்செடியும் அதற்குப் பிறகு வரட்டும்.

அதற்குப் பணம் எங்கே, நெருக்கமான தெருக்களில் புதிய குழாய் பதிக்க இடம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்டுதோறும் தூர் வாருவதற்கும் பவுடர் தூவுவதற்கும் ஆகும் பணம் திரும்பி வருவதில்லை. குழாய் ஒரு முறை பதித்தால் பல பத்தாண்டுகள் நிற்கும். கால்வாய்க்கு வரும் சாக்கடை முழுவதும் குழாய் இல்லாத குடிசைகளிலிருந்து வருவதும் அல்ல. பாதாளச் சாக்கடை வாசல்வரை வந்திருந்தும், மழைநீர் வடிகாலில் திருட்டு இணைப்பு கொடுத்திருக்கும் அடுக்குமாடிகளும் உணவகங்களும் அதில் உண்டு. கரையோரக் குடிசைகளை நகருக்கு வெளியே அனுப்புவதில் காட்டும் வேகத்தை அரசு இவற்றின் இணைப்பைத் துண்டிப்பதிலும் காட்ட வேண்டும். குடியிருப்போரும் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். மழைநீர் வடிகாலுக்கு என்று பதில் வந்தால், மாற்றும் வரை விடாதீர்கள்.